பாதி வெந்த ஹாலந்துக்காரர்

ஷார்ஜா தொழில்பேட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்புப் பெட்டி, கார் பெயிண்ட் விற்கிறவர்கள் கொடுக்கும் கலர் கார்டு ஒன்று. சின்னச் சின்னக் கட்டங்களில் நிறங்களைப் பூசி, கீழே பெயர் போட்டிருக்கும் அட்டை அது. படம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். பாஸ்போர்ட் மட்டும் பையில் இல்லை. அது கராஜ் முதலாளியின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

அந்தக் கராஜில் கார்களுக்கு ஸ்ப்ரே அடிப்பவருக்கு நான் கையாள். சில மாதங்களிலேயே நெஞ்சுக்குள் பெயிண்ட் ஏறிவிட்டது. அன்றைக்கு எந்த நிறத்தில் கார் அடித்தோமோ அதே நிறத்தில் சளி வரும். முதலாளி அரபி நல்ல மனிதர். கத்தவில்லை. "நீ இருமுகிற இருமலில் என் காரில் புள்ளி விழுகிறது. கலாஸ், முடிந்தது. வேறு கஃபீலைக் கூட்டிக்கொண்டு வா, உன் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்கிறேன். பம்பாய்க் கப்பல் வருவதற்குள் யாரும் கிடைக்காவிட்டால் அதில் ஏறிவிடு" என்றார். விசா எடுத்துக் கொடுத்து நம்மை வைத்திருக்கும் முதலாளிக்குத்தான் அங்கே கஃபீல் என்று பெயர். கப்பல் அடுத்த வாரம்.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தூத்துக்குடி உப்பளம், கொழும்பு ஹோட்டல், பம்பாய் டாக் என்று எங்கும் நிலைத்து நின்றதில்லை. ஓர் இடம் போனால் இன்னோர் இடம் என்றுதான் அதுவரை இருந்தேன். ஆனால் இந்தக் கரைக்கு வருவதற்கு விசா கிடைத்தது ஒரு குருட்டு யோகம். இன்னொரு தரம் கிடைக்காது. கப்பலில் ஏறினால் கதை முடிந்தது என்று தெரியும். ரோலா கடைத்தெருவுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்பது என்று நினைத்து நடந்தேன்.

நல்ல உச்சி வெயில். சாலையில் என்னைத் தவிர நடக்கிறவர்கள் யாரும் இல்லை. ஒரு பிக்கப் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. ஓட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். வெள்ளைக்காரர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். முகம் செங்கல் நிறம், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய இடது முழங்கை நல்ல காப்பி நிறம், சட்டையின் திறந்த பொத்தானுக்குள் தெரிந்த நெஞ்சு உரித்த முள்ளங்கி.

"எங்கே போகிறாய்?" ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே நொண்டியது. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

"வேலை தேடி, சார்."

"உருளைக்கிழங்கு உரிப்பாயா?"

"உரிப்பேன்."

"ஏறு."

வாழ்க்கையில் எனக்கு நடந்த இன்டர்வியூக்களில் இதுதான் மிக நீளமானது. பெயர் ஹெங்க் என்றார். ஹாலந்துக்காரர். துபாயைத் தாண்டி, புதிதாகத் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த ஒரு டிரெட்ஜிங் கம்பெனியின் கேம்ப்பில், சாப்பாட்டுக்கூடத்துக்கும் ஸ்டோருக்கும் பொறுப்பாளர். சனிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறாராம். அதுவரை சமையலறையில் இருந்து பார், எனக்குப் பிடித்திருந்தால் புறப்படும் முன் பெரிய பாஸிடம் சொல்லி உன்னைச் சேர்த்துவிடுகிறேன், பிடிக்காவிட்டால் விமான நிலையம் போகும் வழியில் ஷார்ஜா சாலையில் இறக்கிவிடுகிறேன் என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

என் பெயர் அந்தோணி என்றேன். "தோன்" என்று சுருக்கிவிட்டார். அவர்கள் ஊரில் அந்தோணிகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பர் துபாயில் காய்கறி வாங்க நிறுத்தினார். சந்துக்குள் கீழக்கரைக்காரர் ஒருவரின் கடை. எனக்கு முன்னால் ஒரு மெட்ராஸ் அம்மாள், எஞ்சினியர் வீட்டு அம்மாளாக இருக்கவேண்டும், குடையும் பெண் குழந்தையுமாக நின்றார். "வாசல்ல நிக்காதேன்னா கேக்கறியாடி? ஊருக்குப் போனா பாட்டி என்னைத்தான் கேப்பா, பொண்ணைக் கரிக்கட்டையாக்கிக் கொண்டு வந்திருக்கியேன்னு" என்று குழந்தையை நிழலுக்குள் இழுத்தார். பிறகு முகத்துக்குப் போடும் ஸ்னோ டப்பா ஒன்று வாங்கினார்.

அடுத்தது எங்கள் முறை. ஹெங்க் உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் குனிந்து, "உடம்பில் பூசினால் சீக்கிரம் கறுக்க வைக்கும் எண்ணெய் எது? தேங்காயெண்ணெய் என்று சொல்கிறார்களே?" என்றார்.

நான் காதில் விழாததுபோல் நின்றேன். அவர் திரும்பவும் சொன்னார். கடைக்காரரிடம் தமிழில் சொன்னேன்.

"கறுக்கணுமா? வெளுக்கணுமா? சரியாக் கேட்டுச் சொல்லு தம்பி."

"கறுக்கணுமாம் பாய்."

கடைக்காரர் ஹெங்க்கை ஒரு தரம், போய்க்கொண்டிருந்த அம்மாளை ஒரு தரம் பார்த்தார். பெரிய போத்தலாக எடுத்து வைத்தார். "அந்தம்மாவுக்கு வெளுக்கணும், இந்த துரைக்குக் கறுக்கணும். ரெண்டு பேர் மூலமாவும் எனக்குப் படியளக்கணும்னு அல்லாஹ் எழுதியிருக்கான். நான் எதுக்கு வாயைத் தொறக்கணும்?"

கேம்ப்புக்குப் போகும் மண்பாதையில் பிக்கப்பின் பின்சக்கரம் மணலில் புதைந்தது. ஹெங்க் இறங்கி, தன் மொழியில் தொண்டையிலிருந்து நாலு வார்த்தை சொன்னார். அந்த மொழியில் பாதி எழுத்து காறித் துப்புவதற்கு முன்னால் வரும் சத்தம். நான் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, வெங்காயத்தைத் தரையில் கொட்டி, சாக்குகளைச் சக்கரத்துக்கு அடியில் விரித்தேன். கராஜில் கற்றதில் உருப்படியானது இது ஒன்றுதான். வண்டி ஏறிவிட்டது. பிறகு வெங்காயத்தை இருவரும் குனிந்து பொறுக்கினோம். ஒரு துரை என்னோடு மணலில் மண்டியிட்டு வெங்காயம் பொறுக்கியது அதுவே முதல் தடவை. அந்த மனிதர் மீது அப்போதே எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

சமையலறையில் தலைமை, காயல்பட்டினத்துக்காரர். ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஹாலந்துக்காரர்களோடு பல வருடம் இருந்தவர். என் பேச்சைக் கேட்டதும், "தூத்துக்குடியால? அப்ப மீனைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டாம். உருளைக்கிழங்கைப் பத்தித்தான் சொல்லணும்" என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் உருளைக்கிழங்கைப் பற்றித்தான் தெரிந்துகொண்டேன். ஹாலந்துக்காரர்களுக்கு அது சோறு. அவித்து, தட்டில் மசித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, அணை உடையாமல் சாப்பிடுகிறார்கள். கடலைத் தடுத்துக் கரை கட்டுகிற ஜனம், தட்டிலும் அதே வேலை. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் கடுகு மாதிரி சாக்லேட் துகளைத் தூவிக்கொள்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எறும்பு என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். காக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

கேம்ப்பில் ஹாலந்து பாஸ்போர்ட்டுள்ள ராம்தின் என்றொருவர் கிரேன் ஓட்டினார். பார்த்தால் அச்சு அசல் பீகார்க்காரர். தென் அமெரிக்காவில் சுரினாம் என்றொரு நாடு, ஹாலந்துக்காரர்கள் ஆண்ட நாடு. கரும்பு வெட்ட இவருடைய தாத்தாவைக் கப்பலில் கொண்டுபோனார்களாம். அங்கே பிறந்து, ஹாலந்தில் குடியேறி, இப்போது அரபு நாட்டில் கிரேன் ஓட்டுகிறார். அவரும் சுற்றினவர், நானும் சுற்றினவன். என் பம்பாய் இந்தியும் அவருடைய பழைய இந்தியும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தாலும் சேர்ந்து நடந்தன. சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறைக்கு வந்து பச்சை மிளகாய் கேட்பார். அன்று ஹெங்க்கின் எண்ணெய்ப் போத்தலைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"ஹெங்க்குக்கு தம்பி கல்யாணம் பாய். போட்டோவில் நிற்கணும். நாள் முழுக்க ஏசி போட்ட ஸ்டோருக்குள் இருக்கிறார். ஒரு வருஷம் அரபு நாட்டில் இருந்துவிட்டு இப்படி வெளுத்துப் போய் இறங்கினால் ஊர் சிரிக்கும். பிளேக்ஸ்கேய்ட் என்று கூப்பிடுவார்கள்."

"அப்படியென்றால்?"

"வெளிறிய குசு."

காக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "குசுவுக்கு நெறம் கண்டுபிடிச்சவன் ஹாலந்துக்காரன்தான்!"

ராம்தினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினார். வெயில் படாத காலுக்குப் பெயர் பால் போத்தல். வெயிலில் வெந்தவன் சிங்கி இறால். விடுமுறைக்கு எங்கேயாவது போய், அளவாக வெயில் காய்ந்து திரும்பினவன் 'லெக்கர் ப்ரொய்ன்'. லெக்கர் என்றால் ருசி, ப்ரொய்ன் என்றால் தவிட்டு நிறம். ருசியான தவிட்டு நிறம். "நானும் ப்ரொய்ன்தான் பாய். பிறந்ததிலிருந்து. ஆனால் எனக்கு இதுவரை யாரும் லெக்கர் போட்டதில்லை. அவர்கள் நிறம் காசு கொடுத்து வாங்கினது. என்னுடையது சும்மா வந்தது. சும்மா வந்ததற்கு என்ன ருசி?"

"அப்ப உங்களை என்னன்னு சொல்லுவாங்க?" காக்கா கேட்டார்.

"மரியாதைக்காரர்கள் கெடிண்ட் என்பார்கள். சாயம் கலந்தவன்."

எனக்கு அது உடனே பிடிபட்டது. கராஜில் நான் செய்த வேலையே அதுதானே. வெள்ளை பெயிண்ட் டின்னைத் திறந்து, அதில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்குவது. ஆதியில் எல்லோரும் வெள்ளை டின், ராம்தின் தாத்தா டின்னில் மட்டும் யாரோ கை தவறி நாலு சொட்டு விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அதைவிட ஆச்சரியம், அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். சுவர் வெள்ளை, பால் வெள்ளை, சட்டை வெள்ளை, இவற்றுக்கெல்லாம் ஒரு வார்த்தை. தங்கள் தோலுக்கு மட்டும் வேறு வார்த்தை, 'பிளாங்க்'. ராம்தின் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப்போய் ஒரு வார்னிஷ் டின்னைக் காட்டினார். அதன்மேலும் அந்த வார்த்தைதான். மரத்தின்மேல் அடித்தால் எந்த நிறமும் ஏறாத, கண்ணாடி மாதிரி வார்னிஷ். ஆக, உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் நிறம் உண்டு. இவர்கள் நிறமே பூசாத மரம். அந்தச் செங்கல் முகத்தோடு ஹெங்க் தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

நாம் மட்டும் லேசுப்பட்டவர்களா என்று காக்காவும் நானும் கணக்குப் பார்த்தோம். நாம் யாரையும் வெள்ளை என்று சொல்வதில்லை. வெளுத்தவனைச் சிவப்பு என்போம். கறுப்பைக் கறுப்பென்று சொல்லக் கூசி மாநிறம் என்போம், புதுநிறம் என்போம். ஒன்றும் தோன்றாவிட்டால் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்" என்போம். "எங்க ஊர்ல துபாய்க்காரன் லீவுல வந்து எறங்குனா மொதல்ல மூஞ்சியைத்தான் பாப்பாக" என்றார் காக்கா. "வெளுத்திருந்தா, ஏசி ரூம் வேலை, நல்லாயிருக்கான். கறுத்திருந்தா, பாவம் சைட் வேலை, பொண்ணு குடுக்க யோசிக்கணும்." ஹெங்க்கின் ஊரில் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அவருக்குச் சேர வேண்டிய நிறம் என் மேலும், எனக்குச் சேர வேண்டியது அவர் மேலும் இருந்தது. மாற்றிக்கொள்ள வழியில்லை.

மத்தியானம் சைட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடலில் மணலை உறிஞ்சிக் கரையில் தள்ளும் பெரிய பைப்புகளை வெல்டிங் வைக்கும் யார்டு அது. பஞ்சாபிகள், பட்டாணியர்கள், நம் ஆட்கள். மறைவுக்கு ஒரு தகரம் கூட இல்லாத வெட்டவெளி. சாப்பாட்டு நேரத்தில் நிழலுக்காக அந்தப் பைப்புகளுக்குள்ளேயே தவழ்ந்து போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவருக்குத் தட்டு நீட்டும்போது கை பைப்பில் பட்டது. கொப்புளம் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர் சிரித்துக்கொண்டு, "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் பாய்" என்றார்.

திரும்பி வந்து ராம்தினிடம் கேட்டேன், "அவர்களுக்கு ஹாலந்து பாஷையில் என்ன நிறம்?"

பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "அவர்களுக்கு நிறம் வைக்கவில்லை பாய். பைப் யார்டு என்றுதான் சொல்வார்கள்."

வெள்ளிக்கிழமை விடுமுறை. காலைப் பலகாரம் முடிந்ததும் ஹெங்க் அரை டவுசரோடு வந்தார். சமையலறைக்குப் பின்னால், கடலைப் பார்த்த மணலில், ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டார். தேங்காயெண்ணெயைத் தலை முதல் கால் வரை பூசிக்கொண்டார். காயல்பட்டினமும் தூத்துக்குடியும் சேர்ந்து நின்று வேடிக்கை பார்த்தோம். பொரிக்க எடுத்துவைத்த மீன் மாதிரி இருந்தார்.

"தோன், நான் தூங்கிவிடுவேன். உருளைக்கிழங்கு வெந்ததும் வந்து எழுப்பு. திரும்பிப் படுக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவேண்டும். மறக்காதே. இது முக்கியமான வேலை" என்றார்.

மறுநாள் பெரிய பாஸிடம் சொல்லப்போகிறவர். அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் என் பாஸ்போர்ட் இருந்தது. "சரி சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் கொட்ட வெளியே வந்தேன். மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறி நேர் தலைக்கு வந்துகொண்டிருந்தது. நெற்றியில் எண்ணெய் மினுங்கியது. கராஜில் ஒரு மலையாளி இப்படித்தான் கார் பானெட்டில் சாய்ந்து கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்தோம். வெயிலில் மயங்கியிருந்தான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. தவிர, ஒரு மனிதன் வெயிலில் படுத்துத் தூங்குவதைப் பார்த்துவிட்டுச் சும்மா உள்ளே போக என் கால் பழகவில்லை. எங்கள் உப்பளத்தில் யாராவது கண் அயர்ந்தால், பார்க்கிறவன் ஒரு சாக்கையாவது பிடித்துக் கட்டிவிட்டுத்தான் போவான். கேட்டுச் செய்வதில்லை. நன்றியும் சொல்வதில்லை.

அவர் எதற்காகப் படுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் முழுக்க அதையேதான் பேசிச் சிரித்தோம். ஆனாலும் கை அதுபாட்டுக்குப் போய் லாரித் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை எடுத்தது. நாலு கம்பியை மணலில் ஊன்றிக் கயிறு இழுத்துக் கட்டினேன். தார்ப்பாய் சின்னது. தலையிலிருந்து இடுப்பு வரைக்கும்தான் எட்டியது. கொஞ்ச நேரம் ஆறட்டும், உருளைக்கிழங்கு வெந்ததும் அவிழ்த்துவிட்டு எழுப்புவோம் என்று நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. லாரிக்குப் பின்னால் காய்கறி வண்டி. உருளைக்கிழங்கு வெந்ததைக் காக்கா பார்த்து இறக்கிவிட்டார். நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஹெங்க்கின் அலறல் கேட்டுத்தான் நினைவு வந்தது. வெந்த கால்களைத் தரையில் ஊன்ற முடியாமல் மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நின்று, தலைக்கு மேலிருந்த தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் வெயிலைத் திருடினது யார்?"

கேம்ப்பில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை ஹாலந்துக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"நான்தான் சார்."

"ஏன்?"

உண்மையைச் சொன்னேன்.

"வெயில் அடித்தது, சார்."

ராம்தின் அதை ஹாலந்து மொழியில் சொன்னதும் கூட்டம் வெடித்தது. ஒருவர் மணலில் உட்கார்ந்தே விட்டார். ஹெங்க் மட்டும் சிரிக்கவில்லை.

இடுப்புக்கு மேலே காலையில் இருந்ததை விடக் கொஞ்சம்தான் மாறியிருந்தார். இடுப்புக்குக் கீழே வேறு உலகம். சூரியன் நகர நகர நிழலும் நகர்ந்து, இடது பக்க விலாவில் சாய்வாக ஒரு கோடு விழுந்திருந்தது. ராம்தின் என் கலர் கார்டைக் கேட்டு வாங்கினார். இன்னொரு கையில் காக்காவின் கரண்டி. வாத்தியார் மாதிரி ஹெங்க்கைச் சுற்றி வந்தார். தொடையில் அட்டையை வைத்து, "சிங்கி இறால்! அட்டையிலேயே இல்லை இந்த நிறம்!" விலாவில் வைத்து, "ரோஸ் நிறப் பன்றிக்குட்டி!" அக்குளில் வைத்து, "பால் போத்தல்!" பிக்கப் ஜன்னலில் தொங்கும் இடது முழங்கையைத் தூக்கிக் காட்டி, "இது ஒன்றுதான் லெக்கர் ப்ரொய்ன்!" கடைசியாக நெஞ்சில் வைத்தார். கூட்டமே சேர்ந்து கத்தியது, "பிளேக்ஸ்கேய்ட்!"

ஒரு மொழியில் தோலுக்கு இருக்கும் அத்தனை வார்த்தையும் ஒரே உடம்பில் வரிசையாக நின்றன. என்னால் சிரிக்க முடியவில்லை. ஹெங்க் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"லே, உனக்கு என்ன கிறுக்கா?" காக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "அவன் கறுக்கணும்னு எண்ணெய் தேச்சிப் படுத்திருக்கான். நீ கூரை போட்டு வச்சிருக்க. மாப்பிள்ளைத் தோழனை வரிக்குதிரை ஆக்கிட்டியே!"

"கண்ணு முன்னால வேகுறாரு காக்கா. எப்படிப் பாத்துட்டு நிக்க?"

காக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "நானும் ஒருக்கா வெளிய வந்து பாத்தேன். தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. நல்லதுன்னுதான் நெனைச்சேன். அவுக்கணும்னு எனக்கும் தோணல" என்றார்.

சாயங்காலம் நான் பையைக் கட்டி வைத்துவிட்டேன். கட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கேம்ப்பின் மருந்தறையிலிருந்த மலையாளி கம்பவுண்டர் ஹெங்க்கின் அறைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு காலும் வீங்கிக் கொப்புளம் கட்டியிருக்கிறதாம். பேன்ட் ஏறவில்லையாம். "முழு உடம்பும் அந்தக் காலைப் போல ஆகியிருந்தால் நாளைக்கு விமானத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில்தான். அவரிடம் சொல்லிவிட்டேன்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்."

பேன்ட் ஏறவில்லை என்றது மட்டும் மனதில் நின்றது. பையை அவிழ்த்து லுங்கியை எடுத்தேன். கம்பவுண்டரிடம் கொடுத்தனுப்பினேன். துவைத்த லுங்கிதான்.

சனிக்கிழமை காலை, பிக்கப்பின் பக்கத்தில் பையோடு நின்றேன். ஷார்ஜா சாலையில் இறக்கிவிடுவதாகச் சொன்னவர் அவர்தானே. ஹெங்க் வந்தார். மேலே கோட்டு, டை. கீழே என் கட்டம் போட்ட லுங்கி, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே முடிச்சு. யாரோ கட்டிவிட்டது, காக்காவாகத்தான் இருக்கவேண்டும். பேன்ட்டைக் கையில் மடித்து வைத்திருந்தார். கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். அவருக்குப் பக்கத்தில் பெரிய பாஸ், நரைத்த தாடி, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஹெங்க் என் பையைப் பார்த்தார்.

"தோன், உங்கள் ஊரில் என் காலின் நிறத்துக்கு என்ன பெயர்?"

"சிவப்பு, சார். ரொம்ப மதிப்பு. அந்த ஒரு காலுக்கே பெண் கொடுப்பார்கள்."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்தால் தொடை வலித்தது போலிருக்கிறது, பிக்கப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சமையலறைக்கு லாயக்கில்லை. உருளைக்கிழங்கு வெந்ததைக்கூடப் பார்க்கத் தெரியவில்லை." அவர் பெரிய பாஸைக் காட்டினார். "இவரிடம் சொல்லிவிட்டேன். பைப் யார்டில் நிறைய வெயில் இருக்கிறது. போய் எல்லாவற்றையும் திருடு."

பெரிய பாஸ் தலையை ஆட்டினார். கிடங்கில் பழைய தார்ப்பாய் மலைபோல் கிடக்கிறது, கம்பி இருக்கிறது, கயிறு இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். ஷார்ஜாவுக்கு ஆள் அனுப்பி உன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. பாஸ்போர்ட் என்ற வார்த்தை முழுசாகப் புரிந்தது.

லுங்கியைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார் ஹெங்க். வேண்டாம் சார், தம்பி கல்யாணத்துக்கு என் பரிசு என்றேன். அவர் உட்காராமல், வண்டியின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே புறப்பட்டார். லுங்கி காற்றில் படபடத்தது. எனக்கு வாழ்க்கையில் நல்லது செய்தவர்களை நினைக்கும்போது முதலில் கண்ணுக்கு வருவது அந்தக் கோட்டும் லுங்கியும்தான்.

பையைக் காக்காவிடம் கொடுத்துவிட்டு நேரே கிடங்குக்குப் போனேன். ராம்தின் தன் கிரேனிலேயே கம்பிகளைக் கொண்டுவந்து இறக்கினார். உப்பளத்துப் பந்தல் கட்டுக்கு என்ன முடிச்சுப் போடுவோமோ அதே முடிச்சு. வெயில் ஏறுவதற்குள் முதல் பந்தலை இழுத்துக் கட்டிவிட்டேன். வெல்டர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அன்று பைப்புக்குள் தட்டு நீட்டியபோது சிரித்தவரும் வந்தார். மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

என் வெயில் எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.